அஜாலாவின் சூளையில் சுட்ட தலைகள்: கஷ்ட காலமும் யொரூபா மரபும்

வீட்டுக்கு ஒரு கெட்ட செய்தி வருகிறது. அழுது ஓய்ந்த பிறகு யாராவது ஒரு பெரியவர் கையை விரித்துச் சொல்வார்: "எல்லாம் தலையெழுத்து." அதற்கு மேல் பேச்சு கிடையாது. எழுதியவன் எழுதிவிட்டான், இனி யார் போய்த் திருத்துவது?

மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களும் விதியைத் தலையில்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தலையில் எழுத்து எதுவும் இல்லை. தலையே விதி. அதுவும் ஒரு குயவர் மண்ணில் வனைந்து சூளையில் சுட்ட தலை. பானையைப் பற்றி நமக்குத் தெரியும். நன்றாக வெந்தது உண்டு, அரைவேக்காடு உண்டு, பார்க்கப் பளபளப்பாக இருந்து முதல் நாளே ஒழுகுவதும் உண்டு. பார்த்துப் பக்குவமாகப் புழங்கினால் பல வருஷம் உழைப்பதும் உண்டு. விதி எழுத்தாக இருந்தால் ஒரு மாதிரி, பானையாக இருந்தால் வேறு மாதிரி. கஷ்டம் வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு யொரூபா மரபு சொல்லும் பதில் அந்தப் பானையிலிருந்துதான் தொடங்குகிறது.

சரி, ஏன் யொரூபா மட்டும்? 'ஆப்பிரிக்க ஆன்மிகம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 54 நாடுகளும் நூற்றுக்கணக்கான மொழிகளும் உள்ள கண்டம் அது. கானாவின் ஆக்கான் மக்களுக்கு ஒரு முறை, தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களுக்கு இன்னொரு முறை. எல்லாவற்றையும் கலந்தால் ஒன்றுமே மிஞ்சாது. யொரூபா மரபைப் பற்றி நிறையப் பதிவாகியிருக்கிறது. அடிமைக் கப்பல் ஏறி இன்னொரு கண்டத்திலும் பிழைத்துக் கிடந்த மரபு அது. கஷ்ட காலத்தைப் பற்றிப் பேச அதைவிடத் தகுதி வேறு எதற்கு?

யொரூபா மக்கள் இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கிலும், அதற்கு மேற்கே உள்ள பெனின், டோகோ நாடுகளிலும் வாழ்கிறார்கள். உலகம் தோன்றியதே இலே-இஃபே என்ற ஊரில்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. எல்லாவற்றுக்கும் மேலே ஒலோடுமரே என்ற முழுமுதற் கடவுள். அவருக்குக் கீழே ஒரிஷாக்கள் எனப்படும் தெய்வங்கள்: இடிக்கு ஷாங்கோ, இரும்புக்கு ஒகுன், ஆற்றுக்கு ஓஷுன், நாற்சந்திக்கு எஷு. எத்தனை ஒரிஷாக்கள் என்று கேட்டால் வழக்கமாகச் சொல்வது 401. அந்தக் கடைசி ஒன்றுக்கு, எண்ணி முடிக்க முடியாது, இன்னும் ஒருவருக்கு எப்போதும் இடம் உண்டு என்று பொருள் சொல்வார்கள். மொய்ப்பணத்தில் நாம் ஒரு ரூபாய் கூட்டி வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நண்பர்களும் ஒரு கல் உப்பும்

இத்தனை தெய்வங்கள் இருந்தும், ஒரு தனி மனிதருக்கு மிக நெருக்கமான தெய்வம் இவர்களில் யாரும் இல்லை. அவருடைய 'ஒரி'தான். ஒரி என்றால் தலை. கண்ணாடியில் தெரிகிற தலையைச் சொல்லவில்லை, அதற்குள் இருப்பதாக நம்பப்படும் உள்தலையைச் சொல்கிறார்கள். பிறக்கும் முன் ஒவ்வொருவரும் விண்ணுலகில் அஜாலா என்ற குயவரின் வீட்டுக்குப் போய்த் தனக்கான தலையைத் தானே தேர்ந்தெடுக்கிறார். அதை வைத்துக்கொண்டு பூமிக்கு இறங்குகிறார். இறங்கியதும் எதை எடுத்தோம் என்பது மறந்துபோகிறது.

இந்த அஜாலா கைதேர்ந்த குயவர், ஆனால் பொறுப்பில்லாதவர். ஊரெல்லாம் கடன். கடன்காரர் வந்தால் ஓடி ஒளிந்துகொள்வார். சில தலைகளைச் சரியாகச் சுடுவார், சிலவற்றைப் பாதியில் விட்டுவிடுவார். உலகத்தில் ஏன் இத்தனை ஏற்றத்தாழ்வு என்பதற்கு இதைவிடச் சிரிப்பும் வலியும் கலந்த விளக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. நம் துன்பத்துக்குக் காரணம் நாம் செய்த பாவம் என்று இந்தக் கதை சொல்வதில்லை. குயவர் அன்றைக்குச் சரியில்லை, அவ்வளவுதான்.

இஃபா என்ற குறிசொல்லும் மரபின் பாடல்களில் வரும் கதை ஒன்று. மூன்று நண்பர்கள் தலை வாங்கப் புறப்படுகிறார்கள். ஒருவன் ஒகுனின் மகன், இன்னொருவன் இஜாவின் மகன், மூன்றாமவன் ஒருன்மிலாவின் மகன் அஃபுவாபே. ஒருன்மிலா ஞானத்துக்கும் குறிசொல்லுக்கும் உரிய தெய்வம். மற்ற இருவரும் வழியில் நிற்காமல் நேராக அஜாலா வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அஃபுவாபே மட்டும் அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நிற்கிறான். அங்கே குறி பார்க்கிறார்கள், காணிக்கை கொடுக்கச் சொல்கிறார்கள். கிளம்பும்போது கையில் கொஞ்சம் பணமும் கொஞ்சம் உப்பும் கொடுத்து அனுப்புகிறார்கள். உப்பு எதற்கு என்று அவனுக்குத் தெரியாது.

முன்னால் போன இருவரும் அஜாலாவைப் பார்க்கவில்லை. அவர் வழக்கம்போல ஒளிந்துகொண்டிருந்தார். அடுக்கி வைத்திருந்த தலைகளில் புதிதாக, அழகாகத் தெரிந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பூமிக்கு வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. சரியாக வேகாத மண் மழையில் கரைந்தது. தேய்ந்த தலையோடு வந்து சேர்ந்தார்கள். அதற்கப்புறம் எவ்வளவு உழைத்தும் கையில் எதுவும் தங்கவில்லை.

அஃபுவாபே வழியில் ஒரு காவல்காரரைச் சந்திக்கிறான். அவர் குழம்பில் சாம்பலை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு இதுதான் வழக்கம் என்கிறார். இவன் உப்பை எடுத்துக் கொஞ்சம் போட்டுக் கொடுக்கிறான். சுவைத்துப் பார்த்த காவல்காரர் மகிழ்ந்துபோய் அஜாலாவின் வீட்டுக்கு வழி காட்டுகிறார். அங்கே ஒரு கடன்காரர் கத்திக்கொண்டிருக்கிறார். அஜாலா கூரைக்குள் ஏறி ஒளிந்திருக்கிறார். அஃபுவாபே தன் பணத்தில் அந்தக் கடனை அடைக்கிறான். அஜாலா இறங்கி வருகிறார். ஓர் இரும்புக் கோலால் தலைகளைத் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிக்கும் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். சந்தையில் நம் பாட்டிமார் பானையை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார்களே, அதேதான். அந்தத் தலை மழைக்குக் கரையவில்லை.

நண்பர்கள் பிற்பாடு அங்கலாய்க்கிறார்கள்: நல்ல தலை எங்கே கிடைக்கிறது என்று தெரிந்திருந்தால் நாங்களும் அங்கேயே போயிருப்போமே! அஃபுவாபேயின் பதில்: நாம் மூவரும் ஒரே இடத்தில்தான் எடுத்தோம், பலன்தான் ஒன்றாக இல்லை.

இந்தக் கதையை விதிவாதமாகவும் படிக்கலாம். நல்ல தலை வாய்த்தவன் பிழைத்தான், மற்றவர் கெட்டார் என்று முடித்துவிடலாம். எனக்குக் கண்ணில் படுவது உப்பு. நல்ல தலையை அடையாளம் காணும் திறமை அஃபுவாபேக்கும் கிடையாது. பெரியவர்களிடம் நின்று கேட்டான், கையில் இருந்ததை முன்பின் தெரியாதவரோடு பகிர்ந்தான், யாரோ பட்ட கடனைத் தான் அடைத்தான். தலை நல்லதாக அமைந்தது அதற்குப் பிறகுதான்.

கால் இல்லாத கூட்டம்

தலை நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் எல்லாத் தலைகளும் கூடி ஒரு காரியம் பேசுகின்றன. கால்களை யாரும் கூப்பிடவில்லை. எஷு பார்த்துவிட்டுச் சொல்கிறார்: காலைக் கூப்பிடாமல் எப்படி முடிக்கிறீர்கள் பார்ப்போம். கூட்டம் சண்டையில் முடிகிறது. கடைசியில் ஆள் அனுப்பிக் காலை வரவழைத்த பிறகுதான் காரியம் நடக்கிறது. யொரூபா மொழியில் காலுக்கு 'எஸெ' என்று பெயர். இஃபா பாடல்களில் அது முயற்சியின் குறி. தேர்ந்தெடுத்த தலையை அது போக வேண்டிய இடத்துக்குச் சுமந்துபோவது கால்தான்.

நைஜர் ஆற்றின் கிழக்கே வாழும் இக்போ மக்களிடமும் கிட்டத்தட்ட இதே எண்ணம் உண்டு. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு 'சி' இருக்கிறது, கூடவே பிறந்த தனித் தெய்வம். அவர்களுடைய பழமொழி: ஒருவர் 'சரி' என்றால் அவருடைய சியும் 'சரி' என்கிறது. முதலில் சொல்ல வேண்டியவர் மனிதர் என்பதைக் கவனியுங்கள்.

யொரூபா மரபில் தலை, கால் இரண்டோடு மூன்றாவதாக ஒன்று உண்டு: 'இவா', குணம். இவா என்பவள் ஒரு பெண். அவளுடைய தகப்பன் பெயர் 'ஸூரு', பொறுமை. ஸூரு ஒலோடுமரேயின் முதல் பிள்ளை. இவாவைக் கட்டிக்கொண்டவர் வேறு யாருமல்ல, ஞானத்தின் தெய்வமான ஒருன்மிலாவே. அவள் அழகி, ஆனால் பழக்கவழக்கம் சரியில்லை என்று அவர் சலித்துப்போய் விரட்டிவிடுகிறார். அவள் போனதும் வீடு வெறிச்சோடுகிறது, மதிப்பு போகிறது, குறி கேட்க வருகிறவர்களும் நின்றுபோகிறார்கள். அப்புறம்தான் புரிகிறது. முன்னோர் விழாவில் அணியும் முகமூடி உடையைப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் போய் இவாவைப் பார்த்தீர்களா என்று பாடிக்கொண்டே தேடுகிறார். அறிவாளி தெருவில் பாடித் திரிகிறார். பொறுமைதான் குணத்துக்குத் தகப்பன் என்று யொரூபாவில் பழமொழியே உண்டு. இந்தக் கதைதான் அதற்குப் பின்னால் நிற்கிறது. அங்கே பொறுமை என்றால் பல்லைக் கடித்துச் சகித்துக்கொண்டிருப்பது மட்டும் இல்லை. குறையுள்ள ஒன்றோடு சேர்ந்து வாழக் கற்பதும் அதில் அடக்கம்.

கஷ்டம் வந்தால் என்ன செய்கிறார்கள்?

யொரூபா பார்வையில் கஷ்டங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. 'அஜோகுன்' எனப்படும் பகைப் படை ஒன்று இருக்கிறது. அதன் எட்டுத் தளபதிகள்: சாவு, நோய், நஷ்டம், முடக்குவாதம், வம்பு வழக்கு, சாபம், சிறை, அவதி. உலகத்தில் ஒரு பக்கம் ஒரிஷாக்கள் நிற்கிறார்கள், மறுபக்கம் இவர்கள். நல்லவர் வீட்டுக்குள்ளும் இவர்கள் நுழைவார்கள். 'எனக்கு மட்டும் ஏன்?' என்று இரவெல்லாம் தன்னையே குடைந்துகொள்கிற ஆளுக்கு, வந்திருப்பது யார் என்று ஒரு பெயர் கிடைப்பதே ஓர் ஆறுதல். பெயர் தெரிந்தால் பேச்சு நடத்தலாம், எதையாவது கொடுத்து அனுப்பலாம்.

யார் வந்திருக்கிறார் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் இஃபா. குறி சொல்பவர் 'பபலாவோ', ரகசியங்களின் தந்தை. போகிறவர் தன் பிரச்சினையை அவரிடம் சொல்வதில்லை. ஒரு நாணயத்தையோ பண நோட்டையோ வாயருகே வைத்து முணுமுணுத்துவிட்டு, கீழே வைக்கிறார். பபலாவோ 16 பனங்கொட்டைகளை ஒரு கையிலிருந்து இன்னொரு கையால் ஒரே பிடியில் அள்ளுகிறார். ஒன்று மிஞ்சினால் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. மரத்தூள் பரப்பிய செதுக்குப் பலகையில் விரலால் கோடு இழுக்கிறார். இப்படி எட்டுக் குறிகள் சேர்ந்தால் ஓர் 'ஒடு' கிடைக்கும். அடிப்படை ஒடுக்கள் 16, ஒன்றோடொன்று சேர்ந்து மொத்தம் 256. அவசரத்துக்கு எட்டு அரைக்கொட்டைகள் கோத்த 'ஒப்பெலே' சங்கிலியும் உண்டு. ஒரு வீச்சில் எட்டுக் குறியும் விழுந்துவிடும்.

ஒவ்வொரு ஒடுவிலும் ஏராளமான பாடல்கள். அவற்றை மனப்பாடம் செய்யவே பபலாவோ சிறுவயதிலிருந்து வருஷக்கணக்காகக் குருவிடம் படிக்கிறார். எழுத்தில் இல்லாமல் நினைவிலேயே தலைமுறை தலைமுறையாக வந்த இந்த முறையை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வமாக அறிவித்தது.

அந்தப் பாடல்களின் அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அநேகமாக எல்லாப் பாடலும் ஒரே மாதிரி போகும். முன்பொரு காலத்தில் இன்ன பபலாவோ இன்னாருக்குக் குறி பார்த்தார்; அவருக்கு வந்த சிக்கல் இது; கொடுக்கச் சொன்ன காணிக்கை இது; அவர் கொடுத்தார், அல்லது கொடுக்கவில்லை; பிறகு நடந்தது இது. அந்த 'இன்னார்' ஒரு ராஜாவாக இருக்கலாம், ஒரு மரமாகவோ பறவையாகவோகூட இருக்கலாம். பபலாவோ ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டே போவார். கேட்டுக்கொண்டிருப்பவர் ஓர் இடத்தில் நிறுத்துவார்: "இதுதான், இது என் கதை." தேர்ந்தெடுப்பவர் கேட்க வந்தவரேதான். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளப் போனவர், இதே குழிக்குள் முன்பே ஒருவர் விழுந்தார், எப்படியோ ஏறினார் என்று கேட்டுவிட்டு வீடு திரும்புகிறார். இஃபாவை வெறும் ஜோசியம் என்று ஒதுக்குகிறவர்கள் தவறவிடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பாட்டு முடிந்ததும் 'எபோ', காணிக்கை. கோழி, துணி, பணம், உணவு என்று எதுவாகவும் இருக்கலாம். சில சமயம் ஒரு பழக்கத்தை விடச் சொல்வார்கள், யாரிடமாவது போய் மன்னிப்புக் கேட்கச் சொல்வார்கள். காணிக்கையைச் சுமந்துபோய்ச் சேர்ப்பவர் எஷு. 'அஷே' என்று முடிப்பார்கள். நடக்கட்டும் என்பதும், நடத்திக் காட்டும் ஆற்றல் என்பதும் இரண்டுமே அந்தச் சொல்லுக்குள் உண்டு.

எந்த ஒரிஷாவுக்குக் கொடுத்தாலும் தன் ஒரியை மறக்கக் கூடாது. ஒருவருடைய ஒரி ஒப்புக்கொள்ளாமல் எந்த ஒரிஷாவும் அவருக்கு உதவ முடியாது என்பது பழமொழி. அதனால் தலைக்கே படையல் உண்டு. குளிர்ந்த நீர், கோலா என்ற மரத்தின் கொட்டை, இன்னும் சில பண்டங்கள். கோலாக் கொட்டையை நெற்றியில் தொட்டு வேண்டுவார்கள். தலை குளிர்ந்திருக்க வேண்டும் என்பதே வேண்டுதலின் சாரம். சூடான தலை தப்பான முடிவெடுக்கும். வசதியுள்ளவர்கள் பழைய நாளில் தங்கள் ஒரிக்குத் தனி வீடே செய்து வைத்திருந்தார்கள். தோலிலும் துணியிலும் செய்து, மேலே வரிசை வரிசையாகச் சோழி தைத்த கூம்பு வடிவப் பேழை அது.

அந்தச் சோழிகள் நம் பக்கத்துக் கடலிலிருந்து போனவை. மாலத்தீவில் அள்ளிய சோழிகள் இலங்கை, இந்தியத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்கும், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கப்பல் கப்பலாகப் போயின. அங்கே அவை பணம். அந்தப் பணத்தைக் கொடுத்துத்தான் ஐரோப்பிய வியாபாரிகள் மனிதர்களை வாங்கினார்கள். ஒரே சோழி ஒரு வீட்டில் தலைக்குக் கோயிலாக இருந்தது, கடற்கரையில் தலைக்கு விலையாகவும் இருந்தது.

கடலைத் தாண்டிக் கூட வருவது யார்?

19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஒயோ என்ற பெரிய யொரூபா அரசு உடைந்து சிதறியது. தொடர்ந்து வந்த சண்டைகளில் பிடிபட்டவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரையில் விற்கப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிரேசிலின் பாயியா பகுதிக்கும். பெயர், குடும்பம், துணி என எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு ஏற்றினார்கள். தலைமயிரைக்கூட மழித்தார்கள்.

இஃபாவில் 'ஒகுண்டா மேஜி' என்ற ஒடுவில் ஒரு பாட்டு இருக்கிறது. ஒருன்மிலா தெய்வங்களைக் கேட்கிறார்: உங்களில் யார் தன் பக்தரோடு கடல் கடந்து தொலைதூரம் போய், பாதியில் திரும்பாமல் இருப்பீர்கள்? நான் இருப்பேன் என்று ஷாங்கோ முன்வருகிறார். ஒருன்மிலா கேட்கிறார்: சரி, நடந்து நடந்து உன் தகப்பன் ஊரான கோசோவை அடைந்துவிட்டாய். அங்கே பயற்றுக் குழம்பும் வள்ளிக்கிழங்கு மாவுக் களியும் சமைத்து வைக்கிறார்கள், அப்போது என்ன செய்வாய்? வயிறாரச் சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்கிறார் ஷாங்கோ. அப்படியென்றால் உன்னால் முடியாது. அடுத்த தெய்வம், அதற்கடுத்தது என்று ஒவ்வொருவரும் தங்கள் ஊர், தங்களுக்குப் பிடித்த சாப்பாடு என்ற இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருன்மிலாவே மாட்டிக்கொள்கிறார். கடைசியில் விடை: ஒரி மட்டும்தான். தலை மட்டும்தான் பாதியில் திரும்பாமல் கூட வரும்.

அடிமைக் கப்பலை நினைத்துப் பாடிய பாட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கப்பலை நினைக்காமல் இன்று இதைப் படிக்க என்னால் முடியவில்லை.

கூட வந்த தலையை அவர்கள் அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? அதற்குச் சோறு போட்டார்கள். பிரேசிலில் யொரூபாக்காரர்களை 'நாகோ' என்றார்கள், கியூபாவில் 'லுகுமி'. இரண்டு இடத்திலும் தலைக்குப் படைக்கும் சடங்கு இன்றுவரை நடக்கிறது. பிரேசிலின் 'கண்டோம்ப்ளே' மரபில் அதன் பெயர் 'போரி'. வெள்ளை உடுத்தி, பாயில் உட்கார்ந்து, தலைக்குப் படையல் வைத்து, பிறகு படுத்து ஓய்வெடுக்க வைப்பார்கள். கியூபாவில் துருவிய தேங்காய், கோகோ வெண்ணெய், முட்டை ஓட்டுப் பொடி, பஞ்சு இவற்றைத் தலையில் வைத்து வெள்ளைத் துணியால் கட்டுவார்கள். ஊரில் தலைக்குக் கோலாக் கொட்டை வைத்துப் பார்த்தவர்கள், கியூபாவில் கிடைத்த தேங்காயை வைத்துக்கொண்டார்கள். தீட்சை பெறும்போது தலையை மழிக்கும் வழக்கமும் உண்டு. அது ஆப்பிரிக்காவிலிருந்தே வந்தது. கப்பலில் அவமானமாக மழிக்கப்பட்ட தலை, இங்கே புதிதாகப் பிறப்பதற்காக மழிக்கப்பட்டது.

வெளியே கத்தோலிக்கம் மட்டுமே அனுமதி. அதனால் ஷாங்கோ புனித பார்பராவின் படத்துக்குப் பின்னால் உட்கார்ந்தார். கடல் தாயான யெமாயா ரெக்லா மாதாவானாள். நோய்க்கும் நோய் தீர்வதற்கும் உரிய பபாலு ஆயே, ஊன்றுகோலோடு நிற்கும் புனித லாசரஸ் ஆனார். இன்றும் டிசம்பர் 17ஐ ஒட்டி ஹவானாவுக்கு அருகிலுள்ள எல் ரிங்கோன் தேவாலயத்துக்குப் பெருங்கூட்டம் போகிறது. சிலர் முழங்காலில் ஊர்ந்தும் தரையில் தவழ்ந்தும் வேண்டுதலை நிறைவேற்றுகிறார்கள். அவர்களில் யார் லாசரஸைக் கும்பிடுகிறார், யார் பபாலு ஆயேவைக் கும்பிடுகிறார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

அடிமை முறை கியூபாவில் 1886இலும் பிரேசிலில் 1888இலும் ஒழிந்தது. தொல்லை ஒழியவில்லை. பிரேசில் போலீஸ் கண்டோம்ப்ளே வீடுகளில் புகுந்து முரசுகளையும் பூசைப் பொருட்களையும் அள்ளிக்கொண்டு போனது. ரியோ டி ஜெனீரோவில் பறிமுதல் செய்தவற்றைப் போலீஸ் அருங்காட்சியகத்தில் 'சூனியப் பொருட்கள்' என்று பெயரிட்டு வைத்திருந்தார்கள். 500க்கும் மேற்பட்ட அந்தப் பொருட்கள் 2020இல்தான் அங்கிருந்து வெளியே வந்து குடியரசு அருங்காட்சியகத்துக்குப் போயின. பாயியாவில் சடங்கு நடத்தப் போலீஸ் அனுமதி வேண்டும் என்ற விதி 1976 வரை இருந்தது.

அந்த நாட்களில் பாயியாவின் சால்வடோர் நகரில் காந்துவா என்ற கண்டோம்ப்ளே இல்லத்தை நடத்தியவர் மேனினின்யா அம்மையார். 1894இல் பிறந்தவர். 1922இல், 28 வயதில் தலைமைப் பூசாரி ஆனார். 1986இல் இறக்கும்வரை 64 வருஷம் அதே இடத்தில் இருந்தார். போலீஸ் தொல்லை இருந்த காலத்திலேயே வீட்டுக் கதவை ஊருக்குத் திறந்து வைத்தார். எழுத்தாளர்கள், பாடகர்கள், அரசியல்வாதிகள் எல்லாரும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். 'சூனியம்' என்று ஒதுக்கியவர்களின் வாயை அடைத்ததில் அந்தத் திறந்த கதவுக்குப் பெரிய பங்கு உண்டு. விடாமுயற்சி என்ற சொல்லுக்கு எனக்கு வருகிற முகம், அந்த வயதான அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முகம்தான்.

புதிதாகப் படிக்கிறவர்கள் வழுக்கும் இடங்கள்

எஷு என்றதும் சிலர் சாத்தான் என்பார்கள். இதற்கு ஒரு மொழிபெயர்ப்பு காரணம். பைபிளை யொரூபாவில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சாமுவேல் அஜாயி க்ரௌதர். அவரே யொரூபாக்காரர், 1821இல் அடிமையாகப் பிடிபட்டு, மறு வருஷம் பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்டு, பிற்பாடு பிஷப் ஆனவர். சாத்தானுக்கு அந்த பைபிள் எடுத்துக்கொண்ட சொல் எஷு. நாற்சந்தியில் நின்று காணிக்கை சுமக்கும் தூதருக்கு அன்றிலிருந்து கொம்பு முளைத்துவிட்டது. குறும்பு செய்வார், சண்டை மூட்டுவார், எல்லாம் உண்மை. ஆனால் தீமையின் உருவம் அவர் இல்லை.

அடுத்தது, பொம்மையில் ஊசி குத்துவது, பிணத்தை எழுப்புவது. சினிமா காட்டும் இவற்றுக்கும் மேலே பேசியவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. கோழி ஆடு பலி உண்டா என்றால், உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. பெரும்பாலும் அந்த இறைச்சியைச் சமைத்துச் சாப்பிடுவார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஹயாலியா நகராட்சி இதைத் தடுக்கச் சட்டம் போட்டது. 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் ஒரு மதத்தைக் குறிவைக்கிறது என்று சொல்லி ரத்து செய்தது.

போலிகளும் உண்டு. இணையத்தில் 'உங்கள் ஒரி கெட்டுக் கிடக்கிறது, இவ்வளவு டாலர் அனுப்பினால் சரிசெய்வேன்' என்று செய்தி வந்தால் தள்ளி நில்லுங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். மூலிகை அறிவுள்ள பபலாவோக்கள் பலர் உண்டு என்றாலும், தொலைபேசி வழியாக நோய் தீர்ப்பதாகச் சொல்பவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யொரூபா மக்களில் இன்று பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்லது முஸ்லிம்கள். ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும். பழைய மரபை நேரடியாகக் கடைப்பிடிப்போர் சிறுபான்மை. என்றாலும் ஓசுன், லாகோஸ் போன்ற மாநிலங்களில் ஆகஸ்ட் 20 'இசேசே நாள்', மரபு வழிபாட்டுக்கான விடுமுறை. கோயிலில் குறைந்தது பேச்சில் குறையவில்லை. அதிர்ஷ்டத்துக்கு யொரூபாவில் சொல் 'ஒரிரே', நல்ல தலை. ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் 'ஒலோரிபுருகு', கெட்ட தலைக்காரன். 'இஃபா' என்று தொடங்கும் பழைய பெயர்களைப் பல குடும்பங்கள் மாற்றிக்கொண்டன. ஆனால் 'ஒரியோமி' போன்ற பெயர்கள் இன்னும் இருக்கின்றன.

ஒரியோமி என்றால் 'என் தலை என்னைக் காப்பாற்றியது'. மயிரிழையில் தப்பும்போது நாமும் தலையைத்தான் நினைக்கிறோம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்கிறோம். அடியை வாங்கியது தலைப்பாகை, தலை சும்மா இருந்தது. யொரூபாக்காரர் அப்படி விடமாட்டார். காப்பாற்றிய தலையைத் தொட்டு, அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார்.